எழுந்தாச்சு

ஜூன் 3, திங்கள்

பழைய நோட்டு நேற்றோடு தீர்ந்தது. புது நோட்டு என்றால் முதல் இரண்டு பக்கத்துக்கு எனக்குக் கையெழுத்து நன்றாக வரும். அப்புறம் கோழி கிண்டியதுதான். அதனால் முக்கியமானதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

இந்த வாரம் பாத்திமா முறை. ஏழு மணிக்குள் நான்கு பேரும் போட்டுவிட்டோம். எப்போதும் போல ஆவுடைதான் முதல், ஐந்து இருபதுக்கு. நாங்களெல்லாம் "எழுந்தாச்சு" என்று மட்டும் போடுவோம். அவள் கூட ஏதாவது சேர்ப்பாள். இன்று: "எழுந்தாச்சு. சங்குப்பூ ஆறு பூத்திருக்கு."

போன வருஷம் எங்கள் வகுப்பு ராசாத்தி, மதுரையில் அவளுடைய ஃபிளாட்டில் செத்துக் கிடந்தாள். நான்காம் நாள் கதவை உடைத்தார்கள். அம்பாசமுத்திரத்தில் பெண்கள் பள்ளியில் எழுபத்தேழில் பதினொன்றாம் வகுப்பு முடித்தவர்களுக்கு வாட்ஸப்பில் ஒரு பெரிய குழு, ராசாத்தியோடு சேர்த்து நாற்பத்திநாலு பேர். எல்லாரும் அழுகிற முகம் போட்டோம். ஆவுடை மட்டும் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏளா உலகு, அழுதா போதுமா? நம்மள்ல தனியா இருக்கவ எத்தன பேரு, எண்ணு பாப்போம்."

எண்ணினோம். பாளையங்கோட்டையில் நான். அதே ஊரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற சாராள். சென்னையில் பாத்திமா. அம்பாசமுத்திரத்திலேயே ஆவுடை. நாலு பேருக்கும் தனிக்குழு. காலை ஏழுக்குள் ஒரு சொல் போட வேண்டும். வாரத்துக்கு ஒருத்தி காவல். எட்டு மணி வரை யாராவது போடவில்லை என்றால் முறைக்காரி கூப்பிட வேண்டும். எடுக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டைக் கூப்பிட வேண்டும். மற்றவர்கள் குழம்பக் கூடாது, முறைக்காரி பொறுப்பு. பக்கத்து வீட்டு எண்கள் என் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கின்றன.

சிலிண்டருக்குப் பதிந்தேன். மதியம் வெண்டைக்காய்ப் பச்சடி.

ஜூன் 9, ஞாயிறு

ஆவுடை வந்தாள். ஒரு பை நார்த்தங்காய், இரண்டு புத்தகம். நூலகராக இருந்து ஓய்வு பெற்று ஐந்து வருஷமாகியும் யார் வீட்டுக்குப் போனாலும் புத்தகம் கொண்டுபோவதை விடவில்லை. கல்யாணம் செய்துகொள்ளாததற்குக் காரணம் கேட்டால், "வாசிக்க நேரம் பத்தாதுளா" என்பாள்.

இரண்டு பேருமாக நார்த்தங்காயைச் சுருள் சுருளாக அரிந்து உப்பு அடைத்தோம். பாதியில், "செண்பகம் நேத்து பேசினா. ஆபீஸ்ல புது சீட்டுக்கு மாத்திட்டாங்களாம்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. என் மகள் என்னிடம் பேசிப் பத்து நாள் ஆகிறது.

செண்பகம் புருஷனை விட்டு வந்து இரண்டு வருஷம். கோர்ட்டில் போன தை மாதம் முடிந்தது. கோயம்புத்தூரில் விடுதியில் இருந்துகொண்டு வேலைக்குப் போகிறாள். இந்த வீட்டுக்கு வா என்று நான் கூப்பிடவில்லை. தெருவில் கேட்பார்கள். பெரிய குழுவில் இன்னமும் அவள் புருஷனோடு ஹைதராபாத்தில்தான் இருக்கிறாள். போன தீபாவளிக்குப் பழைய படம் ஒன்றைப் போட்டேன். முப்பது பேர் இதயம் போட்டார்கள். உண்மை தெரிந்தவள் ஆவுடை ஒருத்திதான்.

"எத்தன நாளைக்குளா மறைப்ப? பிள்ள என்ன கொலையா பண்ணிட்டு வந்திருக்கா?"

"உனக்கு ஒரு பிள்ள இருந்தா தெரியும்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் கையைக் கழுவிக்கொண்டு, "அதுவும் சரிதான்" என்றாள். ஐந்து மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

ஜூன் 12, புதன்

பல் டாக்டர். கடைவாய்ப் பல்லை எடுக்க வேண்டுமாம். ஒரு வாரம் யோசிக்கிறேன் என்றேன்.

ஜூன் 19, புதன்



காலையில் எங்கள் வகுப்புத் தெய்வானை பெரிய குழுவில் கேட்டிருந்தாள். அவள் கொழுந்தனார் மகனுக்கு முப்பத்தெட்டு வயது, பேங்கில் வேலை, முதல் கல்யாணம் விவாகரத்தில் முடிந்தது, யாருக்காவது பெண் தெரிந்தால் சொல்லுங்கள் என்று. அதற்குக் கீழே பத்து நாற்பத்திரண்டுக்கு ஆவுடை:

"நம்ம உலகு மகள் செண்பகத்தைக் கேட்கலாம். அவளுக்கும் தீர்ப்பாகி ஆறு மாசம் ஆச்சு. தங்கமான பிள்ளை."

நான் பார்த்தபோது பதினொன்றேகால். சில நிமிஷத்தில் அது அழிந்துவிட்டது, அவளே எடுத்துவிட்டாள். அதற்குள் பல பேர் பார்த்தாயிற்று. அப்புறம் ஒவ்வொருத்தியாகத் தனியே வந்தார்கள். "அப்படியா உலகு?" "சொல்லவே இல்லையே." "போன தீபாவளிக்குக் கூட படம் போட்டியே?" கடைசியாகக் கேட்டவளுக்கு என்ன பதில் போடுவது?

மதியம் சாப்பிடவில்லை.

ஜூன் 20, வியாழன்

அவளே கூப்பிட்டாள். நான்கு முறை விட்டு ஐந்தாவதில் எடுத்தேன்.

"தெய்வானைக்குத் தனியா போடுதேன்னு நெனச்சுக் குழுவுல அமுக்கிட்டேன் உலகு. கண்ணாடி போடல. மன்னிச்சிருளா."

"அவளுக்குத் தனியாப் போட மட்டும் உனக்கு யாரு அதிகாரம் குடுத்தா?"

"செண்பகத்துக்கிட்ட கேட்டேன். பாருங்க சித்தின்னா."

அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. என் மகள் தன் மறு கல்யாணத்தைப் பற்றி இவளிடம் பேசியிருக்கிறாள்.

"இனிமே என்னக் கூப்பிடாத. செண்பகத்துக்கிட்டயும் பேசாத. பிள்ள வேணும்னா நீ பெத்திருக்கணும்."

"சரி உலகு. நீ ஆறினப்புறம் நீயே கூப்பிடு. நான் காத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

ஜூன் 24, திங்கள்

இந்த வாரம் என் முறை. நாலும் வந்தது. ஆவுடை "எழுந்தாச்சு" என்று மட்டும் போட்டிருந்தாள்.

பல்லை எடுத்தாயிற்று. கன்னம் வீங்கியிருக்கிறது.

ஜூன் 25, செவ்வாய்

ஆவுடை: "எழுந்தாச்சு. பிரஷர் மாத்திரை மாத்தியிருக்காங்க. தலை சுத்துது." சாராள் உடனே, "படுக்கையிலேருந்து சட்டுனு எந்திரிக்காதே, உக்காந்து எந்திரி" என்று போட்டாள். பாத்திமாவும் ஏதோ போட்டாள். நான் ஒன்றும் போடவில்லை.

ஜூன் 26, புதன்

மூன்று வந்தது.

துவரம்பருப்பை வெயிலில் போட்டேன். வண்டு இருக்கிறது. பருப்பைக் கிளறிக் கிளறிப் பார்ப்பதிலேயே காலை போய்விட்டது. போனைப் படுக்கையறையில் சார்ஜில் போட்டுவிட்டு அங்கேயே விட்டுவிட்டேன். கன்னத்து வீக்கம் குறைந்திருக்கிறது. சாயங்காலம் சாராள் ஒரு செய்தி போட்டிருந்தாள். பதில் போட்டேன்.

ஜூன் 27, வியாழன்

மூன்று.

ஆவுடைக்குச் சின்ன வயசிலிருந்தே பிடிவாதம். ஒன்பதாம் வகுப்பில் ஒரு காம்பஸ் டப்பாவுக்காக என்னோடு சண்டை போட்டுக்கொண்டு பின் பெஞ்சுக்குப் போனவள், பதினோரு நாள் திரும்பவில்லை. நான் போய்க் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் வந்தாள். அப்போதும், "நீயே வருவேன்னு தெரியும்" என்று சொல்லிச் சிரித்தாள். எப்போதும் நான்தான் இறங்கிப் போக வேண்டும். இப்போதும் அதற்காகத்தான் போடாமல் இருக்கிறாள். என் முறை என்று தெரிந்துதான்.

இந்தத் தடவை நான் கூப்பிடப் போவதில்லை.

செண்பகம் ஆறு மணிக்குக் கூப்பிட்டாள். அரை நிமிஷம். என்னோடு பேசுவதற்காக இல்லை. வைத்துவிட்டேன்.

ஜூன் 28, வெள்ளி

காலை எட்டரைக்குச் சாராள் கூப்பிட்டாள்.

"ஆவுடை இன்னைக்கும் போடலியே. மூணு நாளாச்சு. நீ புதன்கிழம பேசினேன்னு சொன்னியே, என்ன சொன்னா?"

"இரு, முதல்ல எதிர்வீட்டுக்குப் போடுதேன்" என்று வைத்துவிட்டேன்.

எதிர்வீட்டு முருகையா, "அக்கா கோவில்பட்டிக்குத் தம்பி வீட்டுக்குப் போயிருக்காங்கன்னுல்லா நெனச்சோம்" என்றார். கேட் உள்பக்கம் பூட்டியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. பின்கதவை உடைத்தார்கள். குளியலறையில் கிடந்தாள். உயிர் இருந்தது.

ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்குக் கொண்டுவந்தார்கள். நானும் சாராளும் ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். இறக்கும்போது பார்த்தேன். இடது கன்னம் முழுக்க, தரையில் பதிந்திருந்த பக்கம், கறுத்துப் போயிருந்தது. உதடு வெடித்திருந்தது. சாராள் குனிந்து, "எப்பளா விழுந்த?" என்று கேட்டாள்.

"புதன்" என்றாள். "காலைல. பல்லு விளக்கப் போகையில."

சாராள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு ஸ்ட்ரெச்சரோடு உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 29, சனி

இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. அதைவிட மோசம், இரண்டு நாளுக்கு மேல் ஒரே பக்கமாகக் கிடந்ததில் சதை நசுங்கி அதன் கழிவு ரத்தத்தில் கலந்து கிட்னியை அடைத்துவிட்டதாம். டயாலிசிஸ் தொடங்கியிருக்கிறார்கள். டாக்டர் சின்னப் பெண். "அன்னைக்கே கொண்டுவந்திருந்தா வெறும் எலும்பு முறிவுதான். ஆபரேஷன் பண்ணி நடக்க வச்சிருக்கலாம்" என்றாள்.

கோவில்பட்டியிலிருந்து அவள் தம்பி சங்கரலிங்கம் வந்திருக்கிறான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க முருகையாவுக்குப் போன் போடாட்டா என்ன ஆயிருக்கும்க்கா" என்று அழுதான்.

சாராள் என்னோடு அதிகம் பேசவில்லை. களைப்பாக இருப்பாள்.

ஜூலை 2, செவ்வாய்

காலையில் நான், மதியத்துக்கு மேல் சாராள் என்று பிரித்துக்கொண்டோம். அவள் வரும்போது நான் கிளம்புகிறேன். பெரிய குழுவில் தினமும் என்னிடம்தான் விசாரிக்கிறார்கள். "உலகு இருக்கிறவரை ஆவுடைக்கு ஒண்ணும் ஆகாது" என்று தெய்வானை போட்டிருந்தாள். கீழே பத்துப் பதினைந்து கும்பிடுகிற கை.

ரசம் வைத்துக் கொண்டுபோனேன். கொடுக்கக் கூடாது என்றார்கள்.

ஜூலை 5, வெள்ளி

இன்று தெளிவாக இருந்தாள். சாராள் முன்னாலேயே வந்திருந்தாள், கட்டில் காலடியில் நின்று டிரிப்ஸைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஆவுடை தலையைக் கோதிவிட்டேன். முடி சிக்கலாக ஒட்டிக் கிடந்தது.

"ஏளா" என்றாள். "போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஹால்ல. புதன்கிழமயும் அடிச்சுது, மறுநாளும் அடிச்சுது. எனக்கு நீதான்னு தெரியும்."

நான் சிக்கலைப் பிரித்துக்கொண்டே இருந்தேன்.

"கதவு வரைக்கும் நவுந்து பாத்தேன். முடியல. எடுக்கலன்னா நீ இன்னும் கோவப்படுவியேன்னு ஒரே பயம். ஆனா விடாம அடிச்சியா, சரி, இவ கோவம் தீந்துட்டு, எப்படியும் ஆளு அனுப்புவான்னு தைரியமாக் கெடந்தேன்."

அப்புறம், "நீதானளா?" என்று கேட்டாள்.

"ஆமா. நான்தான்" என்றேன்.

சிரித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் திரும்பியபோது சாராள் அறையில் இல்லை.

ஜூலை 7, ஞாயிறு

நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. மூச்சுக்குக் குழாய் வைத்துவிட்டார்கள். இனிப் பேச முடியாது. ஐந்து நிமிஷம்தான் உள்ளே விடுகிறார்கள்.

ஜூலை 11, வியாழன்

ஆவுடை போய்விட்டாள். காலை ஒன்பது பத்துக்கு.

ஜூலை 12, வெள்ளி

அம்பாசமுத்திரத்தில் எடுத்தார்கள். வகுப்பிலிருந்து பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் என்னைக் கட்டிக்கொண்டுதான் அழுதார்கள்.

மாலை போட்டு வைக்க நல்ல படம் ஒன்று பார்த்துத் தரச் சொல்லி சங்கரலிங்கம் அவள் போனை என்னிடம் கொடுத்தான். படங்களைப் பார்ப்பதற்கு முன் கை வேறொன்றைத் தொட்டுவிட்டது. தவறிய அழைப்புகள். புதன்கிழமை மூன்று. வியாழக்கிழமை நாலு. ஏழும் செண்பகம். என் பெயர் எங்கேயும் இல்லை. விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன், எங்காவது இருந்துவிடாதா என்கிற மாதிரி.

ஒரு படத்தை எடுத்துக் கொடுத்தேன். நூலக வாசலில் நிற்கிற படம்.

செண்பகம் கோயம்புத்தூரிலிருந்து நேரே வந்திருந்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள், அவள் யாரையும் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்ததும் அவளை பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவிடப் போனேன். கோயம்புத்தூர் பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.

"நான் வியாழக்கிழம உன்கிட்ட சொன்னேன்லாம்மா. சித்தி ரெண்டு நாளா எடுக்கல, என்னன்னு பாருன்னு. நீ என்ன சொன்ன?"

அன்று சொன்னதை நான் இந்த நோட்டில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். "அவ உன்கிட்ட பேச மாட்டா. பேசக் கூடாதுன்னு நான்தான் சொல்லியிருக்கேன். இனி அந்த நம்பருக்குப் போடாத" என்று சொன்னேன்.

"நான் அத நம்பிட்டேன். சித்தி என்னய வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னு நெனச்சேன். கோவத்துல நானும் போடல. அன்னைக்கு ராத்திரியே வேற யாருக்காவது போட்டிருந்தாக்கூட..."

"உனக்கு இதுல ஒண்ணுமில்ல செண்பகம்."

"உனக்கு?" என்றாள்.

பஸ் வந்தது. ஏறி, மறுபக்கத்து ஜன்னலில் உட்கார்ந்துகொண்டாள்.

ஜூலை 15, திங்கள்

காலையில் எழுந்து பல் விளக்கினேன். காப்பி போட்டுக் கொட்டிவிட்டேன். குழுவில் இப்போது நாங்கள் மூன்று பேர். பாத்திமா மட்டும் போட்டிருந்தாள்.

ஜூலை 19, வெள்ளி

மளிகை. துணி துவைத்தேன். செண்பகத்துக்கு நாலு தடவை அடித்தேன். எடுக்கவில்லை. மணி அடித்து ஓய்கிறவரை காதில் வைத்திருந்தேன். முழுதாக ஓய எவ்வளவு நேரம் ஆகிறது என்று இதுவரை நான் கவனித்ததில்லை.

ஜூலை 26, வெள்ளி

பதினாறாம் நாள். சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் உட்கார்ந்து ஆவுடையைப் பற்றிப் பேசினார்கள். தெய்வானை, "உலகு விடாமக் கூப்பிட்டிருக்கா. அந்தச் சத்தத்துலதான் ரெண்டு நாள் உசிரப் பிடிச்சு வச்சிருந்தேன்னு ஆவுடையே நர்ஸம்மாட்ட சொன்னாளாம். இப்படி ஒரு சிநேகிதி யாருக்குக் கிடைப்பா?" என்றாள். நர்ஸம்மா என்றது ஆஸ்பத்திரி நர்ஸைத்தான். சாராள் சுவரோரம் உட்கார்ந்து இலைத் துண்டு ஒன்றை நார் நாராகக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்து நூலகத்துக்கு அக்கா பேரில் இரண்டு அலமாரியும் அவளுடைய புத்தகங்களும் கொடுக்கப் போவதாகச் சங்கரலிங்கம் சொன்னான். ஆகஸ்ட் பதினைந்தில் கொடியேற்றத்துக்குப் பிறகு விழா. "நீங்கதான்க்கா அலமாரியத் திறந்து வச்சு நாலு வார்த்த பேசணும்."

சரி என்றேன். செய்யாததற்குப் பெயர் வாங்குவது இது மூன்றாவது தடவை. ஆவுடையிடம் சொன்னது, தெய்வானை பேசும்போது வாய் திறக்காமல் இருந்தது, இது.

ஜூலை 29, திங்கள்

சாராள் வீட்டுக்குப் போனேன். முன்கூட்டிச் சொல்லவில்லை. கதவைத் திறந்தவள் உள்ளே வா என்று சொல்லவில்லை, வழியை விட்டாள். மேசையில் பைபிள் திறந்திருந்தது, பக்கத்தில் பாதி உரித்த பட்டாணி.

நின்றுகொண்டே சொன்னேன். அந்தப் புதன்கிழமை எட்டு மணிக்கு ஆவுடை போடவில்லை என்பதை நான் பார்த்தேன். எட்டரைக்கும் பார்த்தேன். பத்து மணிக்கும் பார்த்தேன். கூப்பிடவில்லை. சாயங்காலம் நீ, "ஆவுடை போடலியே, கேட்டியா?" என்று எழுதினாய். "பேசிட்டேன். நல்லாருக்கா" என்று பதில் போட்டேன். நான் பேசவே இல்லை சாராள்.

அவள் பட்டாணியை உரித்துக்கொண்டே, "தெரியும்" என்றாள்.

"எப்போ?"

"ஆஸ்பத்திரி வாசல்ல அவ புதன்னு சொன்னாளே, அப்பவே."

"ஏன் கேக்கல?"

"நீயே சொல்லுவேன்னு பாத்தேன். அவ உசிரோட இருந்தப்போ பதினாலு நாள் இருந்துச்சு. அவ உன்னயப் பாத்து நீதானான்னு கேட்டப்பவாவது சொல்லுவேன்னு நின்னேன். நீ ஆமான்னுட்ட. எனக்கு அங்கன நிக்க முடியல."

"அவளுக்கு நிம்மதியா இருக்கட்டும்னுதான்."

"அவளுக்கா?" என்று சாராள் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். "முப்பத்தஞ்சு வருஷம் வார்டுல இருந்தவ நான். முந்தின நாள் தலை சுத்துதுன்னு போட்டவ மறுநாள் போடலன்னா நான் நேரே அவளக் கூப்பிட்டிருக்கணும். ஒரு நம்பர அமுக்க எவ்வளவு நேரம் ஆகும்? நீ பேசிட்டேன்ன உடனே விட்டுட்டேன். உன் வார்த்தய நம்பினதுக்கு நான் தெனமும் முழங்கால்ல நிக்கேன் உலகு. நீ என்ன செய்யுத?"



"இத மத்தவங்கட்ட சொல்லணுமா?" என்று கேட்டேன். என்னைத்தான் கேட்டுக்கொள்வது போல இருந்தது குரல்.

"எங்கிட்ட கேக்காத. போ. எனக்குப் படபடன்னு வருது."

வெளியே வந்து வெயிலில் நடந்தே வந்தேன். ஆட்டோக்காரர் ஒருவர் பின்னாலேயே வந்து, "ஏறுங்கம்மா" என்று கேட்டுக் கேட்டுப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

சாராள் சின்னக் குழுவிலிருந்து வெளியேறிவிட்டாள். பாத்திமா கூப்பிட்டாள். அவள் மகன் வந்து சென்னை வீட்டைக் காலி செய்து தன்னோடு கூட்டிப் போகிறானாம். "ஆவுடைக்கு ஆனதக் கேட்டதுலேருந்து அவன் ஒரே பிடியா நிக்கான். இனி எதுக்கு எனக்கு இது" என்றாள். சண்டை ஒன்றுமில்லை. அவளும் வெளியேறினாள்.

ஃபிரிட்ஜ் கதவிலிருந்த காகிதத்தைக் கிழித்தேன். பசை போகவில்லை. கத்தியால் சுரண்டினேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

காலையிலிருந்து எழுதி எழுதி அழித்தேன். பதினொரு மணிக்குப் பெரிய குழுவில் போட்டுவிட்டேன். போட்டதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

"ஆவுடை விழுந்த அன்று காவல் முறை என்னுடையது. அவள் போடவில்லை என்று எனக்குத் தெரியும். கோபத்தில் கூப்பிடவில்லை. சாராள் கேட்டபோது பேசிவிட்டேன் என்று பொய் சொன்னேன். அவள் காதில் கேட்ட போன் என்னுடையது அல்ல, என் மகள் செண்பகத்தினுடையது. செண்பகம் என்னிடமும் சொன்னாள். அப்போதும் நான் கூப்பிடவில்லை. ஆவுடை கேட்டபோது நான்தான் என்று சொல்லிவிட்டேன். என் மகள் விவாகரத்தானவள். அதை உங்களிடம் மறைத்ததும் நான்தான். ஆவுடை அதைத் தெரியாமல்தான் குழுவில் போட்டாள். உலகம்மாள்."

போனை மேசையில் வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். நாற்பத்திநாலில் இரண்டு பேர் செத்துவிட்டார்கள், நான் ஒருத்தி. மீதி நாற்பத்தியொன்று. மூன்று மணிக்குள் முப்பத்தேழு பேர் வாசித்திருந்தார்கள்.

யாரும் ஒன்றும் எழுதவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

காலையிலும் ஒன்றுமில்லை. திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். குழுவை விட்டு நீக்கினால்கூட ஒரு பதில்தான்.

மதியம் ஒன்றரைக்கு ஒருத்தி, "இன்று பிறந்தநாள் காணும் நம் தோழி தெய்வானைக்கு வாழ்த்துகள்" என்று பூங்கொத்துப் படம் போட்டாள். நேற்றிலிருந்து என்னுடையதுதான் கடைசியாக நின்றுகொண்டிருந்தது. அது மேலே ஏறியது. அடுத்து ஒரு கேக். அடுத்து ஒரு விளக்கு. வரிசையாக வந்துகொண்டே இருந்தன. எல்லாரும் எதற்கோ காத்திருந்தது போலவும், இது கிடைத்ததும் மூச்சு விட்டது போலவும் இருந்தது. தெய்வானை எல்லாருக்கும் பெயர் சொல்லி நன்றி சொன்னாள். நாலு மணிக்குள் என்னுடையதைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

நான் வாழ்த்துப் போடவில்லை. போட்டிருந்தால் என் பெயரையும் சொல்லியிருப்பாளோ என்னவோ.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

செண்பகத்திடமிருந்து ஒரே ஒரு வரி. "யாரோ அனுப்பினாங்க, படிச்சேன்." அவ்வளவுதான். நான் உடனே கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

சங்கரலிங்கம் காலை பத்து மணிக்குக் கூப்பிட்டான். ஒரு கணம் யார் என்றே தெரியவில்லை, குரல் அவ்வளவு தணிந்திருந்தது.

"அக்கா, நல்லாருக்கீங்களா?"

"இருக்கேன் தம்பி."

"அந்தக் குழுவுல நீங்க போட்டத ஒருத்தங்க எங்க வீட்டுல காட்டுனாங்க." நிறுத்தினான். பின்னால் அவன் மனைவி ஏதோ சொன்னாள், அவன் போனைக் கையால் மூடிக்கொண்டது கேட்டது. பிறகு, "ஆகஸ்ட் பதினஞ்சுக்கு நீங்க வர வேண்டாம்க்கா. தப்பா எடுத்துக்கிடாதீங்க. தலைமையாசிரியைட்ட வேற ஆளச் சொல்லிட்டேன்."

"சரி தம்பி."

"எங்களுக்கும் அவகிட்ட தெனமும் பேசிருக்கணும்னு இருக்கு. நாங்களும் பேசல. உங்கள மட்டும் சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா உங்கள அங்கன பாத்தா எனக்கு என்ன வாய்ல வரும்னு தெரியல, அதான்."

"சரி தம்பி" என்றேன் மறுபடியும். அவன் அக்காவிடம் நான் கடைசியாகச் சொன்ன பொய்யை அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அவன் மூச்சு விடுவது கேட்டது.

"உடம்பப் பாத்துக்கிடுங்கக்கா" என்றான். "தனியா இருக்கீங்கல்லா."